முப்பத்தைந்தாம் ஆண்டில் கேனிபல் கார்ப்ஸ்: வேகத்தை அளந்து செலவிடும் ஒரு குழு

டெத் மெட்டல் இசை பெரிதும் உடலுழைப்பின் மேல் நிற்பது என்பதால், அதில் நெடுங்காலம் நீடித்திருக்கும் ஒரு குழுவை மதிப்பிடுகையில், கற்பனை வளத்தோடு உறுப்பினர்களின் தசை, மூச்சு, தாங்குதிறன் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. 1980களின் நடுப்பகுதியில் பெரும்பாலும் அமெரிக்காவில் உருப்பெற்ற இவ்வகையில், கிதார்களின் சுருதி வழக்கத்தைவிடக் கீழே இறக்கப்படுகிறது. டிரம்ஸ் பல இடங்களில் காதால் எண்ண முடியாத விரைவில் அடிக்கப்படுகிறது. பாடகர் சொற்களை இசைத்துப் பாடாமல் தொண்டையின் அடியிலிருந்து உறுமுகிறார். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 1988 டிசம்பரில் தொடங்கி, பின்னர் ஃபுளோரிடாவின் டாம்பா நகருக்கு இடம்பெயர்ந்த கேனிபல் கார்ப்ஸ் குழு இவ்வகையின் மூத்த குழுக்களுள் ஒன்றாகும். மெட்டல் பிளேட் நிறுவனத்தின் வழியாக 2023 செப்டம்பர் 22 அன்று வெளிவந்த 'கேயாஸ் ஹாரிஃபிக்' அதன் பதினாறாவது ஸ்டூடியோ ஆல்பம். அதிலுள்ள பத்துப் பாடல்களும் சேர்ந்து ஏறத்தாழ 39 நிமிடங்களே ஓடுகின்றன என்பதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. இவ்வகை இசையை அதற்குமேல் நீட்டினால் வாசிப்பவரைவிடக் கேட்பவரே முதலில் களைத்துப் போவார்.

தொடக்கக் குழுவிலிருந்து இன்றுவரை எஞ்சியிருப்பவர்கள் பேஸ் கிதார் வாசிக்கும் அலெக்ஸ் வெப்ஸ்டரும் டிரம்ஸ் வாசிக்கும் பால் மஸுர்கியேவிச்சும் மட்டுமே. முதல் பாடகர் கிறிஸ் பார்ன்ஸ் 1995இல் விலக, அவ்விடத்துக்கு வந்த ஜார்ஜ் ஃபிஷரின் குரலில் வெளிவந்த முதல் ஆல்பமான 'வைல்' (1996), பில்போர்டின் முதல் 200 இடங்களுக்கான பட்டியலில் 151ஆம் இடத்தைப் பிடித்தது. வெகுமக்களின் செவிக்கென்று ஆக்கப்படாத இசைக்கு அது சிறிய வெற்றியன்று. கிதார் கலைஞர் ராப் பேரட் இடையில் விலகி, 2005இல் மீண்டும் சேர்ந்தவர். மற்றொரு கிதார் கலைஞரான பேட் ஓ பிரையன் இருந்த இடத்தில் 2019 முதல் மேடைகளில் வாசித்துவந்த எரிக் ரூட்டன், 2021இல் முழு உறுப்பினரானார். இந்த ஐவரும் ஒன்றாகப் பதிவுசெய்த இரண்டாவது ஆல்பமே 'கேயாஸ் ஹாரிஃபிக்'. முதலாவது 2021 ஏப்ரலில் வந்த 'வயலன்ஸ் அன்இமேஜின்ட்'.

வாசிப்புத்திறன் என்ற கோணத்தில் முதலில் கவனிக்கத்தக்கவர் 1968இல் பிறந்த மஸுர்கியேவிச். பிளாஸ்ட் பீட் எனப்படும் அடி இவ்விசையின் அடையாளங்களுள் ஒன்று. ஸ்னேர் என்னும் கம்பி பூட்டிய டிரம்மையும், காலால் மிதிக்கும் பேஸ் டிரம்மையும், சிம்பலையும் மிகக் குறுகிய இடைவெளியில் இடைவிடாது அடித்துக்கொண்டே போவது அது. இந்த அடியில் வேகத்தைக் கூட்டுவதைவிட, ஒவ்வோர் அடியும் ஒரே கனத்தில் விழும்படி மணிக்கட்டையும் கணுக்காலையும் தளரவிட்டே இயக்குவது கடினம். இறுகிய தசை விரைவில் சோர்ந்துவிடும். மஸுர்கியேவிச் தொழில்நுட்பச் சாகசங்களுக்குப் பெயர்பெற்றவரல்லர் என்பதும், இவ்வகையின் இளைய கலைஞர்கள் பலர் அவரைவிட விரைவாகவும் சிக்கலாகவும் அடிக்கிறார்கள் என்பதும் உண்மையே. ஆயினும், ஓட்டத் தொலைவைக் குறைத்துக்கொண்டு அளவிலும் திசையிலும் நம்பிக்கை வைக்கும் மூத்த வேகப்பந்து வீச்சாளரைப் போல, அவர் தம் உச்ச வேகத்தைச் சில இடங்களுக்கென ஒதுக்கிவைத்து, எஞ்சிய இடங்களில் அடியின் கனத்தைக் கொண்டே பாட்டை நகர்த்துகிறார். முதல் பாடலான 'ஓவர்லார்ட்ஸ் ஆஃப் வயலன்ஸ்' முழு வீச்சில் புறப்படுவதும், முதல் தனிப்பாடலாக முன்கூட்டியே வெளியிடப்பட்ட 'பிளட் பிளைண்ட்' கர்நாடக இசையின் சொல்லில் மத்திம காலம் எனத்தக்க நடையில் அழுத்தி நடப்பதும் இந்த ஒதுக்கீட்டின் விளைவுகள்.

பாடகர் ஃபிஷரின் பணி இதனினும் விந்தையானது. இயல்பான பேச்சில் அதிர்வது குரல்நாண். உறுமல் குரலிலோ அதற்குச் சற்று மேலே அமைந்த போலிக் குரல்நாண்கள் எனப்படும் மடிப்புகளும் சேர்ந்து அதிர்கின்றன. காற்றைத் தொண்டையிலிருந்து பீறிட விடாமல் வயிற்றின் தசைகளால் தாங்கி வெளிவிடத் தெரியாதவர்கள் சில ஆண்டுகளிலேயே குரலை இழக்க நேரிடலாம். முன்னவர் பார்ன்ஸின் உறுமல் ஆழமானது, ஆனால் சொற்கள் அதில் கரைந்துபோகும். 1970இல் பிறந்த ஃபிஷரோ மெய்யெழுத்துகளைக் கடித்து உச்சரிப்பதால், பாட்டின் தாளத்தை அவரது வாயே இரண்டாவது டிரம்ஸ்போல் எடுத்துச் செல்கிறது. இந்த ஆல்பத்தில் அவரது அடித்தளக் குரலில் தேய்மானம் தென்படவில்லை என்பதோடு, விரைவான பகுதிகளில் சொற்களை அடுக்கும் துல்லியமும் குன்றாமலே இருக்கிறது. உயர்ந்த அலறல்கள் மட்டும் முந்தைய ஆல்பங்களைவிடச் சிக்கனமாக வருவதுபோல் ஒலிக்கின்றன. அது குறைபாடன்று, தேர்வு என்றே கொள்ளலாம்.

எனினும் ஆல்பத்தின் போக்கை முடிவுசெய்தவர் ரூட்டன்தான். மார்பிட் ஏஞ்சல் குழுவில் வாசித்து, 1997இல் ஹேட் ஈட்டர்னல் என்ற தம் சொந்தக் குழுவைத் தொடங்கிய அவர், உறுப்பினராவதற்கு வெகுகாலம் முன்பே, 2006இல் வந்த 'கில்' முதல் பல கேனிபல் கார்ப்ஸ் ஆல்பங்களைத் தயாரித்தவர். இசைத்துறையில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர் அல்லர், பதிவையும் ஒலியமைப்பையும் வழிநடத்துபவர். ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலுள்ள தம் மானா ஸ்டூடியோவில் அவர் பதிவுசெய்த இந்த ஆல்பத்தில், வெப்ஸ்டரின் ஐந்து கம்பி பேஸ் கிதார் தெளிவாகக் கேட்கிறது. இது சிறு செய்தியன்று. பெரும்பாலான டெத் மெட்டல் பதிவுகளில் கிதார்களின் இரைச்சலுக்கு அடியில் பேஸ் புதைந்துபோய், அதை வாசித்தவரின் பெயர் உறையில் மட்டுமே மிஞ்சும். பேஸ் வாசிப்பு முறையைப் பற்றிப் பாடநூலே எழுதியிருக்கும் வெப்ஸ்டர், மூன்று விரல்களால் கம்பிகளை மீட்டி, கிதாரோடு ஒட்டி ஓடுவதோடு நில்லாமல், இடையிடையே அதிலிருந்து விலகித் தனி வழியில் சென்று திரும்புகிறார். அந்த விலகலும் திரும்பலும் செவிக்குப் புலப்படுவதாலேயே வேகமான பாடல்கள் வெறும் இரைச்சலாகிவிடாமல் தப்புகின்றன.

கிதார்களில் இருவரின் இயல்புகளும் எதிரெதிரானவை. ரிஃப் என்பது திரும்பத் திரும்ப ஒலித்து ஒரு பாடலுக்கு முதுகெலும்பாகும் குறுகிய கிதார் தொடர். பேரட்டின் கை அதைக் கனமாகவும் எளிமையாகவும் ஊன்றுகிறது, ரூட்டனின் கை அதைத் திருகி நெளிக்கிறது. ரூட்டன் எழுதிய 'ஃபிராக்சர் அண்ட் ரிஃபிராக்சர்' இந்த நெளிவுக்குத் தெளிவான சான்று. மறுபுறம் 'சம்மன்ட் ஃபார் சாக்ரிஃபைஸ்' நிதானமான நடையில் தொடங்கி, தலையசைக்க இடங்கொடுத்துவிட்டுப் பின்பு பாய்கிறது. ஆல்பத்தின் மிகச் சிறந்த பாடல் எதுவெனக் கேட்டால் இதையே சுட்ட வேண்டும்.

குறைகளும் உண்டு. இசைப்பவரும் தயாரிப்பாளரும் ஒருவரே என்ற ஏற்பாடு வேலையை எளிதாக்குகிறதே அன்றி, போதும் என்றோ இது வேண்டாம் என்றோ சொல்லும் வெளியாள் ஒருவரை அறைக்குள் விடுவதில்லை. அதனால்தான் இரண்டாம் பாதிப் பாடல்களில் சில, நீளத்திலும் கட்டமைப்பிலும் ஒன்றையொன்று ஒத்து, அடுத்தடுத்துக் கேட்கையில் எல்லை மங்கிவிடுகின்றன. பாடுபொருளும் மாறவில்லை. வின்சென்ட் லாக் வரையும் கோரமான உறைப்படங்களும், திகில் திரைப்படங்களின் வழிவந்த வன்முறைக் கற்பனைகளும் முதல் ஆல்பத்திலிருந்தே இக்குழுவின் அடையாளம். அவற்றின் பொருட்டு, முதல் மூன்று ஆல்பங்களின் பாடல்களை ஜெர்மனி மேடைகளில் பாட 2006வரை தடை இருந்தது. அன்று அதிர்ச்சியூட்டிய அந்தச் சொற்கள் இன்று பழகிய ரசிகருக்கு வழக்கச் சடங்காகவே ஒலிக்கின்றன, ஆகவே ஆல்பத்தின் வலு முழுவதும் வாசிப்பின் மீதே விழுகிறது. வாசிப்பும் அதைத் தாங்கிக்கொள்கிறது.

முந்தைய ஆல்பத்தோடு ஒப்பிட்டால், 'வயலன்ஸ் அன்இமேஜின்ட்' எட்டிய உச்சங்களை இது எட்டவில்லை. ஆனால் அதிலிருந்த சரிவுகளும் இதில் இல்லை. இவ்விசைக்குப் புதியவர்கள் முதல் பாடலை விட்டுவிட்டு, நடை சற்றுத் தளர்ந்த 'பிளட் பிளைண்ட்' பாடலிலிருந்து தொடங்குவது நலம். கேட்கும்போது குரலைத் தேடாமல் பேஸ் கிதாரைப் பின்தொடர்ந்தால் பாட்டின் கட்டமைப்பு எளிதில் பிடிபடும்.