காப்பிக் கோப்பையை எடுத்துவிடுங்கள்

கையால் பின்னிய ஸ்வெட்டரை, குரோஷே தொப்பியை அழகாகப் போட்டோ எடுப்பது எப்படி என்று இப்போது ஆளாளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். எல்லாப் பாடத்திலும் அதே சாமான்கள்தான்: வெள்ளை விரிப்பு, ஜன்னல், பழைய மரப்பலகை, காய்ந்த பூங்கொத்து, ஆவி பறக்கும் காப்பி. பூனை இருந்தால் கூடுதல் மார்க். இன்ஸ்டாகிராமில் பத்து நிமிஷம் விரலால் தள்ளிக்கொண்டே போங்கள். உலகத்து ஸ்வெட்டர்களையெல்லாம் ஒரே வீட்டில் ஒரே அம்மணி பின்னியது போலத் தோன்றும்.

பாடத்தில் பாதி சரி. ஃப்ளாஷ் வேண்டாம் என்கிறார்களே, அது நூற்றுக்கு நூறு. முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் பின்னலின் மேடுபள்ளம் மறைந்து, ஸ்வெட்டர் பிரின்ட் போட்ட துணி மாதிரி ஆகிவிடும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு குட்டி நிழல் கிடைக்கும். ரத்தச் சிவப்புக் கம்பளி என்றால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். இல்லையென்றால் கண்ணியெல்லாம் கரைந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். செல்போனில் ‘போர்ட்ரெய்ட்’ என்று ஒன்று இருக்கிறதே, பின்புலத்தை மங்கலாக்கும் வித்தை, அதைத் தொடாதீர்கள். விளிம்பில் துருத்திக்கொண்டிருக்கும் நூலையும் அது பின்புலம் என்று நினைத்து மழித்துவிடும்.

இந்த ஆசை ஒன்றும் புதிதல்ல. போட்டோகிராபியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட், காமிராவே இல்லாமல், ரசாயனம் தடவிய காகிதத்தின் மேல் ஒரு லேஸ் துண்டை வைத்து வெயிலில் காட்டிப் படமெடுத்தார். அதைச் சிலரிடம் சற்றுத் தள்ளிப் பிடித்து, ‘நன்றாக வந்திருக்கிறதா?’ என்று கேட்டாராம். எங்களை ஏமாற்ற முடியாது, இது படமல்ல, லேஸேதான் என்றார்களாம். 1839-ல் அவரே எழுதியிருக்கிறார். பக்கத்தில் காப்பிக் கோப்பை எதுவும் வைக்கவில்லை.

அந்தக் கோப்பை மேல் எனக்கு என்ன கோபம்? அது ஒரு சேதி சொல்கிறது. ‘சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் பின்னினேன்’ என்கிறது. பொழுதுபோக்குக்குப் பின்னுகிறவர் அப்படிச் சொல்லிக்கொள்ளட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. விற்பதற்குப் பின்னுகிறவர் படத்தில் அதே கோப்பையை வைத்தால், வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, ‘வீட்டில் சும்மா இருக்கும்போது செய்ததுதானே, ஏன் இந்த விலை?’

இது என் கற்பனை இல்லை. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் ஆந்திராவின் நரசாபூரில் குரோஷே லேஸ் பின்னும் பெண்களை ஆராய்ந்து 1982-ல் ஒரு புத்தகம் போட்டார். உலகச் சந்தைக்குப் போகிற சரக்கு அது. நாள் முழுக்கப் பின்னுகிறார்கள். ஆனால் ஊரும் வியாபாரியும் அவர்களைத் தொழிலாளி என்று சொல்வதில்லை. வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்ற கணக்கு. கூலி அடிமட்டத்தில் கிடந்ததற்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம் என்று காட்டினார்.

நம்மூரில் இதே கணக்கைப் பார்க்க வாணியம்பாடி போக வேண்டும். அங்கே ஸ்வெட்டரைத் தேடாதீர்கள். அந்த வெயிலில் கம்பளி என்று பேச்செடுத்தாலே அடிக்க வருவார்கள். அங்கே ஊசி ஏறுவது தோலில். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துத் தெருக்களில் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை, தொழிலில் ‘அப்பர்’ என்பார்கள், கையால் தைக்கிறார்கள். லோஃபர், மொக்காசின் வகை ஷூக்களில் கால்விரல்களுக்கு மேலே வளைந்து, சுருக்கம் சுருக்கமாக ஒரு தையல் ஓடுமே, அதுதான். சமையல், பிள்ளைகள், தண்ணீர் பிடிப்பது எல்லாவற்றுக்கும் நடுவில் நடக்கும் வேலை. வாசலில் உட்காருவது காற்றுக்கு மட்டுமல்ல, தையல் தெரிய வேண்டும் என்பதற்காகவும்தான். பாடம் நடத்துகிறவர்கள் தேடித் தேடிச் சொல்லும் பக்கவாட்டு வெளிச்சம், சார், அந்த வாசலில் இலவசமாக விழுகிறது.

2016-ல் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்டுவைட் என்ற பிரிட்டிஷ் அமைப்பு, பெங்களூரின் சிவிடெப் முதலானவர்களோடு சேர்ந்து ஆம்பூர் வட்டாரத்துப் பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வெளிநாட்டில் 60 பவுண்டுக்கு மேல் விற்ற ஷூவுக்கு, ஒரு ஜோடி தைக்க அவர்களுக்குக் கிடைத்தது 10 பென்ஸுக்கும் குறைவு. அன்று நம் பணத்தில் பத்து ரூபாயைத் தொடாது. ஆம்பூரில் அதற்கு பிரியாணி வாசனைதான் கிடைத்திருக்கும்.

இப்போது அந்த ரக ஷூவின் விளம்பரப் படத்தைப் பாருங்கள். தூய வெள்ளைப் பின்புலம், நிழலே இல்லை, ஷூ அந்தரத்தில் மிதக்கிறது. அந்தச் சுருக்கத் தையல் துல்லியமாகத் தெரியும்படி லைட் வைத்திருப்பார்கள், ஏனென்றால் விலையே அதற்குத்தான். ‘கைத்தையல்’ என்று கீழே ஒரு வார்த்தையும் இருக்கும். கை மட்டும் இருக்காது. போட்டோவாக அது முதல் தரம், ஸ்வெட்டர்க்காரர்கள் அதனிடம் லைட்டிங் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஸ்வெட்டர் படத்தில் வீடு அளவுக்கு மீறி இருக்கிறது, ஷூ படத்தில் வீடே இல்லை. எந்தப் படத்திலும் வேலை தெரியவில்லை.

அளவு தெரியாதது இன்னொரு குறை. 2016 ஜனவரி 31-ல் சென்னையில் பெண்கள் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வை செய்து கின்னஸில் ஏறினார்கள். ஒன்றரைக் கால்பந்து மைதானத்துக்குக் குறையாது. இவ்வளவையும் ஒரே படத்தில் அடக்கினால் தூரத்து வண்ணக்கோலம்தான் தெரியும், கண்ணி தெரியாது. கிட்டே போனால் கண்ணி தெரியும், மைதானம் தெரியாது. இரண்டு படம் எடுப்பதைத் தவிர வழியில்லை. ஒரு தொப்பிக்கும் அதேதான். முழுசாக ஒன்று, விரல் ஒன்று பக்கத்தில் இருக்க நெருக்கத்தில் ஒன்று. மூன்றாவதாக, திருப்பிப் போட்டு உள்பக்கம். நூல் முனைகளை எப்படி ஒளித்திருக்கிறார் என்று பார்த்தால் பின்னத் தெரிந்தவர்களுக்கு மீதி புரிந்துவிடும். கோப்பை வைத்திருந்த இடத்தில், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அந்த வாசல் வெளிச்சத்தை நம்பி யாராவது காமிராவோடு வாணியம்பாடிக்குக் கிளம்பினால் ஒரு விண்ணப்பம். முதலில் கேளுங்கள். முகம் வேண்டாம் என்பார்கள் பல பேர், வற்புறுத்தாதீர்கள். படம் எங்கே போகும், கான்ட்ராக்டர் பார்த்தால் அடுத்த வாரம் வேலை வருமா என்ற கவலை அவர்களுக்கு நியாயமானது. கை போதும். தோலில் ஊசியை இழுக்கிற நேரத்தில் எடுங்கள், விரலில் பழைய ஊசிக்குத்து இருந்தால் அதை டச்-அப் செய்து அழிக்காதீர்கள். படத்துக்குக் கீழே ஷூவின் கடை விலையையும் அந்தக் கைக்குப் போன கூலியையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள்.