டொரிண்டாவும் விமானிதான்

ஸ்பீல்பெர்க் படங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று 1989இல் வந்த ‘ஆல்வேஸ்’. காட்டுத்தீயை அணைக்கும் விமானிகளின் காதல் கதை. முதல் தடவை பார்த்து அழுதேன். போன வறட்சியில், சுங்கை பட்டாணியில் லாலாங் எரியுற வாசனை வீட்டுக்குள்ள வந்துக்கிட்டிருந்தப்போ, மறுபடி பார்த்தேன். கோபம்தான் வந்தது.

பீட் தீயணைப்பு விமானி. காதலி டொரிண்டா தளத்தில் வானொலித் தொடர்பைக் கவனிப்பவள், விமானமும் ஓட்டுவாள். நீ பயிற்சியாளனாகப் போகாவிட்டால் நானும் தீக்குமேல் பறப்பேன் என்று மிரட்டுகிறாள். அவன் சம்மதிக்கிறான். ஆனால் கடைசியாக ஒருமுறை கிளம்பி, நண்பனின் எஞ்சினில் பற்றிய தீயை அணைத்துவிட்டுத் தானே வெடித்துச் சாகிறான். பிறகு ஆவியாக வந்து, அவள் இன்னொருவனைக் காதலிக்க விட்டுக்கொடுக்கிறான்.

இது 1943இல் வந்த ‘ஏ கை நேம்ட் ஜோ’வின் மறு ஆக்கம். போர் இருந்த இடத்தில் காட்டுத்தீ. விமானங்கள்கூட அந்தப் போர்க்கால ஏ-26 ரகம்தான். பெண்ணுக்குக் கொடுத்த இடமும் அப்படியே இருக்கு. கடைசியில் புதுக் காதலனின் விமானத்தை எடுத்துக்கொண்டு போய், தீயில் சிக்கியவர்களுக்கு வழி திறந்துவிடுவது டொரிண்டாதான். அதைக்கூட அவளுடைய வேலையாகப் பார்க்கப் படத்துக்கு மனசு வரலை. பக்கத்தில் ஆவியை உட்கார வைத்து வழி சொல்ல வைக்கிறது. விமானம் ஏரியில் விழ, மேலே கொண்டுவருவதும் அவனே.

என் பாட்டி பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காய்ந்த ரப்பர் சருகில் தீ பிடித்தால் லயமே ஓடுமாம், பச்சைக் கிளையை ஒடிச்சு அடிக்க. ஒருமுறை தாத்தா, “நீ பிள்ளைங்கள பாத்துக்க” என்றாராம். “இன்னைக்கு நீங்க பாத்துக்குங்க” என்று பாட்டி போய்விட்டார். அன்று வாசலில் நின்றது தாத்தா. அந்தக் காத்திருப்பைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. எனக்குத் தெரிந்து, அவர்களுக்குள் இருந்த காதலுக்கு வேறு சாட்சி இல்லை.

ஆட்ரி ஹெப்பர்னின் கடைசிப் படம் என்பதற்காகப் பலர் இதைத் தேடுகிறார்கள். நான் மறுபடி பார்த்தால் ஒரே காட்சிக்காகத்தான் பார்ப்பேன். புது உடையில் டொரிண்டா வருகிறாள். கரி படிந்த தீயணைப்பாளர்கள், அவளோடு ஆட, முதலில் கைகழுவ முண்டியடிக்கிறார்கள். அங்கே வசனம் எழுதியவரை யாரோ வெளியே அனுப்பிவிட்டார்கள்போல.