எஸ்டிமேட் போடுவது யார் வேலை?

வரைபடம் தயாராகிவிட்டது. எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு கம்பி, மொத்தம் எத்தனை லட்சம்? சென்னையில் இந்தக் கேள்வி சிவில் இன்ஜினியரின் மேசைக்குப் போகும். கொழும்பில் அதற்கென்றே ஒருவர் இருக்கிறார்; கியூ.எஸ்., அதாவது குவான்டிட்டி சர்வேயர் என்பார்கள்.

இலங்கையில் அது தனித் தொழில். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் பட்டம் உண்டு. அதை நடத்தும் கட்டடப் பொருளியல் துறை இருப்பது பொறியியல் பீடத்தில் அல்ல, கட்டடக்கலைப் பீடத்தில். அளவெடுப்பு, ஒப்பந்தச் சட்டம், செலவுத் திட்டம் எல்லாம் அங்கே முழுநேரப் படிப்பு. இந்தியாவில் சிவில் பட்டத்துக்குள் ‘எஸ்டிமேஷன் அண்ட் காஸ்டிங்’ என்று ஒரே ஒரு தாள். பி.என். தத்தாவின் புத்தகத்தைத் தேர்வுக்கு முன் புரட்டியதோடு பலருக்கு அது முடிந்துவிடும். பொதுப்பணித் துறையில் வரைவதும், மதிப்பிடுவதும், எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் அளவு எழுதுவதும் ஒரே பொறியாளர் பரம்பரையின் வேலையாகவே வளர்ந்தன. தான் எழுதிய விடைத்தாளைத் தானே திருத்துவது மாதிரிதான் இது. இந்த ஒரு விஷயத்தில் நான் கொழும்பின் பக்கம்.

அளவெடுப்பு சில்லறை வேலை என்று நினைப்பவர்கள் ஒரு ஜன்னலை எடுத்துக்கொள்ளட்டும். இந்தியாவின் ஐ.எஸ். 1200 விதிப்படி, பூச்சு வேலையில் 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்பைக் கழிக்கக் கூடாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இருபுறமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். 1.2 மீட்டர் சதுர ஜன்னல் ஒன்று 1.44 சதுர மீட்டர். நாற்பது ஜன்னல் உள்ள விடுதியில் இரு பக்கமும் கழித்துவிட்டால் ஒப்பந்தக்காரருக்கு 57.6 சதுர மீட்டர் நஷ்டம். கழிக்காமலே விட்டால் அதே அளவு உரிமையாளர் தலையில். இலங்கையில் கட்டட வேலையை அளக்க எஸ்.எல்.எஸ். 573 என்ற தனி நியமம் இருக்கிறது. அதை மனப்பாடமாக வைத்திருப்பவருக்குத்தான் அங்கே மதிப்பு.

வேலை தருபவர்கள் யார்? கொழும்பில் ஆலோசனை நிறுவனங்களும், மாகா, சங்கென் போன்ற ஒப்பந்த நிறுவனங்களும். சென்னையில் மணப்பாக்கம் எல் அண்ட் டி தொடங்கிப் பல இடங்கள். ஆனால் விசிட்டிங் கார்டில் ‘பில்லிங் இன்ஜினியர்’ என்றிருக்கும். தமிழக அரசில் டிப்ளமோ படித்தவருக்கு இளநிலை வரைதொழில் அலுவலர் பணி உண்டு. அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாயில் தொடங்குகிறது. தனியார் நிறுவனத்தில் சைட்டில் நிற்கும் புதுப் பட்டதாரி பலருக்கு அது எட்டாத தொகை. எக்செல், ரெவிட் இரண்டிலும் கை பழகியிருப்பதை இரு நாட்டிலும் கேட்கிறார்கள். அதில் பெரிய வித்தியாசமில்லை.

உண்மையான சம்பளப் போட்டி வளைகுடாவில். 2022-ல் இலங்கை ரூபாய் சில வாரங்களில் டாலருக்கு 200 சொச்சத்திலிருந்து 360 வரை சரிந்தது. திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டது. துபாயில் சம்பளம் ஒரு பைசா கூடாமலேயே, யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வந்த பணம் முக்கால் மடங்கு பெருத்தது. உள்நாட்டில் கட்டுமானங்கள் நின்றுபோன நேரம் வேறு. புறப்படாமல் யார் இருப்பார்?

வளைகுடாவில் இலங்கையருக்கு ஒரு முந்துகை உண்டு. அவர்கள் படித்தது பிரிட்டிஷ் வழிவந்த அளவெடுப்பு. அங்கே பரவலாகப் புழங்கும் ‘போமி’ அளவெடுப்பு விதிகளும் அதே குடும்பம். ஒப்பந்தம் பெரும்பாலும் ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரிப் படிவத்தில். மத்தியப் பொதுப்பணித் துறையின் 10சி.ஏ., 10சி.சி. விலையுயர்வு விதிகளில் கரைகண்ட நம்மூர்ப் பையன், ஃபிடிக் கிளாஸ்களைத் தோஹாவில் இறங்கிய பிறகுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். போமி மெல்லிய புத்தகம்தான். அதையாவது மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும் முன்பே முடித்துவிடலாம்.