ஓய்மா நாட்டில் ஆற்றுப்படையும் விண்ணப்பமும்

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் இதனை இயற்றினார். இப்பாட்டிற் கூறப்படும் கிடங்கில் என்னும் ஊர் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாய் உள்ளது. எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடும், வேலூரை உப்புவேலூரோடும் இணைத்துக் காண்பர் அறிஞர். எனவே, பாணன் நடந்த வழி இன்றைய விழுப்புரம் மாவட்டத்து வழியே எனலாம்.

அவ்வழியில் வறிய பாணனுக்குப் புளிங்கறியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும் அளித்து ஓம்பியோர் வேலூர்ப் பகுதியின் எயினர் குடியினர். இந்நாளில் அதே நிலத்தில் வாழும் இருளரை அவ்வெயினரின் வழியினர் என்று கூறத் தக்க சான்று இல்லை. அவ்வாறு யாம் கூறவும் இல்லை. எனினும், அந்நிலத்தில் இன்று வேறொரு வகை ஆற்றுப்படை நிகழ்கின்றது. அதனைத் தமிழ் ஆய்வாளர் நோக்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தமிழகத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என அரசு வகுத்துள்ள ஆறனுள் இருளர் ஒருவர். செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் பெற்றுக் கொத்தடிமையாய் உழன்ற குடும்பங்கள் அவருட் பல. திண்டிவனத்தை இடமாகக் கொண்டு பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இயங்கி வருகின்றது. பேராசிரியர் பிரபா கல்விமணி இதனை முன்னின்று வளர்த்தவர். இத்தகைய அமைப்புக்களின் வழியே, பள்ளிப் படிப்பை எட்டிய முதல் தலைமுறை இளைஞர் தம் குடியிருப்பினரை அரசு அலுவலகங்களுக்கு அழைத்துச் செல்லும் நிலை தோன்றியுள்ளது. தம் குடியிருப்பில் குடும்ப அட்டை யாருக்கு இல்லை, வீட்டுமனைப் பட்டா யாருக்கு வரவில்லை, எந்தப் பிள்ளை இனச்சான்றிதழின்றிப் படிப்பை விட்டது என வீடுதோறும் கேட்டு எழுதுகின்றனர். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நிகழும் குறைதீர்க்கும் நாளில் அவ்விண்ணப்பங்களை அளிக்கின்றனர்.

ஆற்றுப்படையின் இலக்கணம் யாது? தாம் எய்திய செல்வத்தை எய்தாத பிறர்க்கு எடுத்துரைத்து, அவரும் சென்று பயன்பெறுமாறு வழிகூறல் என்பது தொல்காப்பியர் கருத்தின் சுருக்கம். சான்றிதழ் பெற்ற இளைஞன் பெறாத அயலானுக்கு வழிகூறுங்கால் இவ்விலக்கணம் அவன்பாற் பொருந்துகின்றது. பழங்குடியினர்க்குரிய சான்றிதழை வழங்குவார் வட்டாட்சியர் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரே. தந்தையின் சான்றிதழ் கேட்பர். அஃது இல்லையெனில் எச்சான்றினைக் காட்டலாம் என்றிவ்வாறு அவன் கூறும் வழியும் இடரும் நிறைந்தது, தெளிவும் வேண்டுவது.

ஆயினும், ஒப்புமை ஓரிடத்தில் முறிகின்றது. பாணன் நாடிச் சென்றது வள்ளலின் கொடையை. அது தலைவன் உள்ளம் உவந்து அளிப்பது. மறுப்பின் பாணனுக்கு வழக்கில்லை. இளைஞன் நாடுவதோ உரிமை. கொத்தடிமை முறையை ஒழித்தது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். வன்கொடுமையைத் தடுக்க எழுந்தது 1989-ஆம் ஆண்டுச் சட்டம். இவற்றின்கீழ்க் கேட்பது இரத்தல் ஆகாது. இவ்வேறுபாட்டை மறந்தமையே நம் விண்ணப்ப உரைநடையின் பெருங்குறை. அலுவலக வழக்கில் ஊன்றிப்போன ‘தாழ்மையுடன்’, ‘கருணை கூர்ந்து’ என்னும் தொடர்கள், சட்டத்தைக் கொடையாகவும் அலுவலரை நல்லியக்கோடனாகவும் ஆக்கிவிடுகின்றன. பரிசில் கேட்கும் மொழியில் உரிமையைக் கேட்பதால் கேட்போரின் நிலை தாழ்கின்றது; கேட்கப்படுவோரின் கடமையும் மறைகின்றது.

மாற்று வழி சங்க நூல்களிலேயே உள்ளது. புறநானூற்றின் 35-ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் நிலவரி நீக்கம் வேண்டுகின்றார். அவர் தம் வறுமையைப் பாடவில்லை. குடை வெயில் மறைத்தற்கன்று, துன்புற்ற குடிகளைக் காத்தற்கே என்றும், போர்வெற்றி ஏரின் பயனே என்றும் காரணம் காட்டுகின்றார். வரி நீங்கிற்று என அப்பாட்டின் பழங்குறிப்புக் கூறும். 184-ஆம் பாட்டில் பிசிராந்தையார் யானை புக்க வயலை உவமை காட்டி, முறையறியாத வரி அரசனுக்கும் நாட்டிற்கும் கேடென்று அறிவுடை நம்பிக்கு அறிவுறுத்துகின்றார். இரண்டும் செவியறிவுறூஉத் துறையின. கேட்பவன் தாழவில்லை, அரசனுக்கு அவன் கடமை நினைவூட்டப்படுகின்றது.

இளைஞர் எழுதும் விண்ணப்பம் இத்துறையைச் சார்தல் வேண்டும். குறை எந்நாள் நேர்ந்தது, எச்சட்டம் அதனைத் தடுக்கின்றது, எவர் செய்தற்குரியர், செய்யாவிடின் யாருக்கு என்ன இழப்பு என்பவை நிரலே அமைந்தால், ஒரு பக்க விண்ணப்பமும் வலிமை பெறும். 2021 நவம்பர் 4-ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் இருளர்க்கும் நரிக்குறவர்க்கும் பட்டாவும் இனச்சான்றிதழும் வழங்கினார். அது வரவேற்கத்தக்கது. ஆனால், ஒருநாள் விழாவிற் கிடைப்பது எந்நாளும் கேட்டவுடன் கிடைப்பதாய் மாறுதல் வேண்டும். அம்மாற்றத்திற்குப் புகழ்ச்சி உதவாது. முறையாகத் திரட்டி எழுதிய குறைகளே உதவும்.

இவ்விளைஞரின் விண்ணப்பங்களில் ஓர் இழப்பும் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. முதியவள் ஒருத்தி தன் வாயாற் கூறிய சொற்கள், எழுதுவோன் கையில் அலுவலக மொழியாய் உருமாறிவிடுகின்றன. அவள் சொல்லை ஓரளவேனும் காத்துக்கொண்டே சட்டத்தின் மொழியிலும் பேசுதல் அரிய உரைநடைப் பயிற்சியாகும்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. அங்குத் தமிழ் பயில்வோர் ஆற்றுப்படையின் ஊர்களைத் தம் காலால் அளக்கக்கூடியவர். அவருள் சிலரேனும் இவ்விண்ணப்பங்களைத் தொகுத்து, பெயர்களை மறைத்து, மொழிநிலையை ஆராய்வராயின் இருவகைப் பயன் விளையும். உரைநடை வரலாற்றில் இதுவரை எழுதப்படாத ஒரு பகுதி எழுதப்படும். அத்துடன், அடுத்த விண்ணப்பத்தை எழுதும் இளைஞனுக்கு நாகனாரின் நெஞ்சுரம் துணையாகும்.