ஒலியசையும் யாப்பசையும்: இத்தாலியச் சொற்களை முன்னிட்டு ஓர் ஆய்வு

பிறமொழிச் சொல்லின் ஒலிப்பகுப்பைக் கூறுவோர் ‘அசை’ என்னும் யாப்புச் சொல்லையே ஆள்கின்றனர். இவ்வழக்கு பொருந்துமா என்பதை இத்தாலிய மொழியின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம்.

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ளது அண்ணனூர். இப்பெயரை ஒலிக்குங்கால் அண்-ண-னூர் என மூன்று ஒலிக்கூறுகள் எழுகின்றன. யாப்பிலோ அண்-ணனூர் என நேரும் நிரையுமாய் இரண்டே அசைகளாகிக் கூவிளமாம். ஆகவே, ஒலிக்கூறும் அசையும் ஒன்றல்ல என்பது தெளிவு.

இத்தாலியத்தில் இரட்டித்த மெய் இருபாலும் பிரியும். செயலைக் குறிக்கும் ‘ஃபத்தோ’ என்பது ஃபத்-தோ எனப் பிரிதல் அண்-ண என்பதனை ஒக்கும். ஆயின் ஸகரமெய்யோ, பிறமெய் தொடருமிடத்து, அதனொடு கூடி அடுத்த கூற்றையே சாரும். வீரமாமுனிவரின் குடிப்பெயரை அந்நாட்டார் பெ-ஸ்கி எனப் பிரித்தெழுதுவர். நாம் பெஸ்-கி எனப் பிரித்துத் தேமாவாகக் கொள்வோம்.

அழுத்தத்தின் வேறுபாடு இதனினும் பெரிது. இத்தாலியச் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் ஈற்றயற் கூற்றில் விழும். ‘அங்கோரா’ என இடையில் அழுத்தின் ‘இன்னும்’ எனவும், முதலில் அழுத்தின் ‘நங்கூரம்’ எனவும் பொருள்படும். எழுத்தோ இரண்டிற்கும் ஒன்றே. உயிரின் நீட்சியும் அழுத்தத்தைச் சார்ந்ததே. விதியைக் குறிக்கும் ‘ஃபாதோ’ நீள, ‘ஃபத்தோ’ குறுகும். இரட்டித்த மெய்யின் முன் உயிர் நீளாது. தமிழிலோ படு, பாடு, பட்டு, பாட்டு என நான்கும் வெவ்வேறு சொற்களாய் நிற்கின்றன. நீட்சி இங்கே தனியுரிமை உடையது. அழுத்தம் பொருளை வேறுபடுத்துவதில்லை.

செய்யுளும் இவ்வழியே அமைகின்றது. தாந்தேயின் பெருங்காப்பியத்து அடி பதினோரு கூற்றடி எனப் பெயர் பெறினும், பத்தாம் கூற்றின் அழுத்தமே அதன் வரையறை. ஈற்றுச் சொல்லுக்கேற்பக் கூறுகள் 10, 11, 12 என மாறினும் அடி ஒன்றே. நம் யாப்போ குறில் நெடில் ஒற்றுக்களால் அசையை வரையறுக்கும். 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தேம்பாவணியைப் பாடியது இவ்வளவைக்கு உட்பட்டே. தொன்னூல் விளக்கத்தில் யாப்பையும் அவர் ஓர் இலக்கணமாக வகுத்தார்.

இருவேறு அளவைகட்கு ஒரு பெயரிடின், மாணவர் அண்ணனூரை மூவசைச்சீர் என மயங்குவர். ஆதலின் ஒலிப்பகுப்பை ‘ஒலியசை’ எனவும், நேர் நிரைகளை ‘யாப்பசை’ எனவும் பிரித்து வழங்குதல் வேண்டும் என்பதே எம் துணிபு.