ஐயமும் முன்னிலையும்: ஒரு திரைப்பட உரையாடலைத் தமிழாக்குதல்

வோங் கார் வாய் இயக்கி 2000இல் வெளிவந்த 'இன் த மூட் ஃபார் லவ்' 1962ஆம் ஆண்டின் ஹாங்காங்கில் தொடங்குகிறது. அடுத்தடுத்த வீடுகளில் குடியேறும் திரு. சௌ, திருமதி சான் ஆகிய இருவரும் தத்தம் துணைவரிடையே தொடர்பு இருப்பதாக ஐயுறுகின்றனர். படத்தின் நடை மெதுவானது, நிகழ்வுகள் சில. துணைவரின் முகங்கள் காட்டப்படுவதில்லை. ஆகவே சொல்லின் சிறு வேறுபாடும் இங்குப் பொருள் பெறுகிறது.

உணவகத்தில் சௌ கைப்பையைப் பற்றியும் திருமதி சான் கழுத்துப்பட்டையைப் பற்றியும் வினவுகின்றனர். குற்றச்சாட்டு கூறப்படாமலே ஐயம் உறுதியாகிறது. இக்குறிப்புப்பொருளைத் தமிழில் தருவது அரிதன்று.

இடர்ப்பாடு ஒத்திகைக் காட்சியில் எழுகிறது. வேறு பெண்ணுடன் தொடர்பு உண்டா எனத் திருமதி சான் கேட்கிறார். எதிரில் இருப்பவரின் பின்புறமே தெரிவதால் அவரைக் கணவர் என்றே பார்வையாளர் கொள்வர். அவர் சௌ என்பது பின்னரே புலனாகும். கண்டோனீசு மொழியின் அன்றாட வழக்கில் முன்னிலை ஒருமைக்கு ஒரே பெயர், வினையும் இடங்காட்டுவதில்லை. உறவையும் மதிப்பையும் விளிச்சொற்களே உணர்த்தும். எனவே மயக்கம் இயல்பாகக் காக்கப்படுகிறது. தமிழில் மனைவி கூறும் 'நீங்கள்' கணவருக்கும் அயலாருக்கும் பொருந்தும். சௌவின் மறுமொழியே சிக்கலானது. 'நீங்கள்' எனில் மறைபொருள் முன்னரே வெளிப்படும். 'நீ' எனில் அவரிடம் இன்னும் தோன்றாத உரிமையை ஏற்றிவிடும்.

இதற்குத் தீர்வு தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. 'வேறு பெண் உண்டா?' என்பதில் நான்காம் வேற்றுமைப் பெயர் தொக்கு நிற்கும். 'யார் சொன்னது?' என்பதிலும் முன்னிலைப்பெயர் தொக்கு நிற்கும். 'இல்லை' எவ்விடத்துக்கும் பொது. குறுகிய உரையாடலுக்கு இவை போதும். நீண்ட பேச்சில் செயற்கையாகத் தோன்றும்.

பிரிவை ஒத்திகை பார்க்கும் காட்சி வேறுவகையானது. அங்கு இருவரும் தம்மையே நடிக்கின்றனர். நடிப்பென்று தொடங்கியது மெய்யான அழுகையாகிறது. காதல் முதிர்ந்தது எனக் காட்ட மொழிபெயர்ப்பாளர் 'நீ'க்கு மாறுவது தமிழ்த் திரைவழக்குக்கு ஒத்ததே. ஆயினும் அது பிழையாகும். துணைவரைப் போல் ஆகிவிடலாகாது என்பதே இவ்விருவரின் உறுதி. அவ்வுறுதி அழுகையிலும் முற்றிலும் தளராததைத் தமிழில் இறுதிவரை மாறாத 'நீங்கள்' உணர்த்தும். மூலமொழியின் முன்னிலைப்பெயர் காட்டாத இத்தொலைவைத் தமிழ் காட்ட இயலும்.