வள்ளுவர் காட்டும் அன்பின் சுற்றம்

தமிழ் வகுப்பறையில் மிகுதியாக வழங்கும் சொற்களுள் ஒன்று அன்பு. மிகுதியாக அஞ்சப்படும் சொற்களுள் ஒன்று காதல். ‘அன்பு’ என்று தலைப்பளித்துக் கட்டுரை வரையச் சொன்னால், மாணவர்கள் தாயன்பையும் நாட்டுப்பற்றையும் இறைப்பற்றையும் வரிசைப்படுத்தி இரண்டு பக்கங்களை நிரப்பிவிடுவர். ‘காதல்’ என்னும் சொல் பாடத்தில் தலைகாட்டினாலோ பின்வரிசையில் சிரிப்பொலி எழும். ஆசிரியரும் பொருள் கூறாது அடுத்த வரிக்கு விரைவார். ஒன்று போற்றுதற்கும் மற்றொன்று மறைத்தற்கும் உரியதாகப் பிரிந்து நிற்கும் இந்நிலை தமிழ் இலக்கியம் தந்ததுதானா என்பது ஆராய்தற்குரியது.

அன்பின் வகைகளுக்குத் தனித்தனிச் சொற்கள் படைத்துக் கொள்வது பல மொழிகளுக்கும் இயல்பு. மலேசிய மாணவர் நாள்தோறும் கேட்கும் மலாய்மொழியில் ‘சாயாங்’ என்பது குழந்தையிடத்துக் காட்டும் பரிவையும் குறிக்கும். கைநழுவிய ஒன்றை எண்ணி இரங்குதலையும் குறிக்கும். ‘சிந்தா’ என்பது வடமொழியில் எண்ணத்தைக் குறித்த சொல். மலாயில் அது காதலைக் குறிக்கலாயிற்று. தமிழிலோ அன்பு, அருள், நட்பு, காதல், காமம் எனச் சொற்கள் பலவாகும். இவற்றை வேறுபடுத்தி அறிதல் ஒரு கலை. வேறுபட்டவை எங்ஙனம் ஒரு குடும்பமாய் இயைகின்றன என்று அறிதல் அதனினும் அரிய கலை. இவ்விரண்டையும் ஒரு நூலுள்ளே கற்பிக்க வல்லது திருக்குறள்.

அன்பும் என்பும்

வள்ளுவர் அன்பு இன்னது என்று இலக்கணம் கூறாமல், அதற்கு நூலில் ஓர் இடத்தை வகுத்தார். அன்புடைமை எட்டாம் அதிகாரம். அதற்கு முன் நிற்பது மக்கட்பேறு; பின் நிற்பது விருந்தோம்பல். தான் பெற்ற குழந்தையைத் தழுவும் கையே முன்பின் அறியாத விருந்தினனுக்கும் உணவிட நீள வேண்டும். அவ்வாறு நீளுதற்கு இடையே வேண்டப்படுவது அன்பு. அதிகார வைப்பே இங்கு உரையாசிரியராய் அமைந்து பொருள் கூறுகின்றது.

அவ்வதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களையும் கூர்ந்து நோக்கும் மாணவன் ஒரு புதுமையைக் காண்பான். அவற்றுள் நான்கில் ‘என்பு’ என்னும் சொல் வருகின்றது. அன்புடையார் தம் எலும்பையும் பிறர்க்கு உரிமையாக்குவர் என்கிறது ஒரு குறள். உயிர் எலும்புடம்போடு கூடிய தொடர்பே அன்பின் பொருட்டு நேர்ந்தது என்கிறது மற்றொன்று. அன்பில்லாத உயிரை அறம் வருத்துதற்கு, எலும்பில்லாத புழுவை வெயில் வருத்துதல் உவமையாகின்றது. அன்பு வழிப்படாத உடம்பு எலும்பைத் தோலால் போர்த்ததே என்று அதிகாரம் முடிகின்றது. அன்பு, என்பு என்னும் ஒலியொப்புமை மட்டுமே இதற்குக் காரணம் என்று கொள்வது பொருந்தாது. அன்பைக் காற்றில் மிதக்கும் கருத்தாகக் காணாமல், உடலோடும் உயிரோடும் கூடிய ஒன்றாகவே வள்ளுவர் கண்டார் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

அன்பு ஈன்ற மக்கள்

அன்பிலிருந்து பிறப்பன எவை என்பதையும் வள்ளுவர் கூறாமல் விடவில்லை. அன்பு ஆர்வத்தை ஈனும், அவ்வார்வம் நண்பை ஈனும் என்பது அன்புடைமை அதிகாரத்திலேயே அமைந்த குறிப்பு. நட்பு இம்முறையில் அன்பின் பேரப்பிள்ளையாகின்றது. அருளோ அன்பு நேரே ஈன்ற குழந்தை. இதனைக் கூறும் குறள் அமைந்துள்ள இடம் வியப்புக்குரியது. அருளுடைமையில் அன்றிப் பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்தில் அது நிற்கின்றது. அன்பு ஈன்ற அருட்குழந்தையைப் பொருளென்னும் செவிலித்தாய் வளர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. பசித்தவனைக் கண்டு இரங்குதல் ஒன்று. அவனுக்குச் சோறிடுதல் வேறொன்று. முன்னதற்கு மனம் போதும். பின்னதற்குக் கையில் பொருள் வேண்டும். உருக்கத்தை மட்டுமே அருள் என்று எண்ணி அமைவார்க்கு இக்குறள் தக்க மருந்தாகும்.

அன்புக்கும் அருளுக்கும் எல்லை வகுத்தவர் பரிமேலழகர். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள் என்பது அவர் கொள்கை. அதனால்தான் அன்புடைமை இல்லறவியலிலும் அருளுடைமை துறவறவியலிலும் இடம் பெற்றன. வேறுபாடு தெளிவானது, எனினும் தாயும் சேயும் போன்ற உறவை அது அறுத்துவிடவில்லை. வீட்டாரிடத்து அன்பு காட்டி அறியாதவன் உலகத்தாரிடத்து அருள் காட்டப் புகுவது, அரிச்சுவடி அறியாதவன் காப்பியம் படிக்கப் புகுவதை ஒக்கும்.

நட்பின் நிலை இவ்விரண்டினும் வேறானது. அன்புக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் நட்புக்கு நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை வகுத்தார். தாயையும் சேயையும் ஒருவர் தேர்ந்து கொள்வதில்லை. நண்பரையோ தேர்ந்து கொள்ள வேண்டும். தேர்வு என ஒன்று வந்தவிடத்துத் தவறும் உடன் வரும். ஆதலின் ஆராய்ச்சியும் வேண்டப்படுகின்றது. நேரில் பழகுதலினும் உணர்ச்சி ஒத்தலே நட்புக்கு உரிமை தரும் என்ற குறளுக்குப் பரிமேலழகர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் சான்றாகக் காட்டினார். ஒருவரையொருவர் காணாமலே நட்புக் கொண்டு, வடக்கிருந்த மன்னனோடு உயிர் நீக்க வந்த புலவரின் வரலாற்றைப் புறநானூறு கூறும்.

காதலும் காமமும்

இனி, ஆசிரியர்கள் தயங்கி நிற்கும் இடத்திற்கு வரலாம். திருக்குறளின் 133 அதிகாரங்களுள் 25 அதிகாரங்கள், அஃதாவது 250 குறட்பாக்கள், காமத்துப்பாலில் உள்ளன. களவியல் 7 அதிகாரங்களையும் கற்பியல் 18 அதிகாரங்களையும் உடையன. பண்டைத் தமிழில் காமம் என்பது நிறைந்த காதலைக் குறித்த நற்சொல். பிற்கால வழக்கில்தான் அது இழிபொருளுக்குள் குறுகிற்று. காதல் என்னும் சொல்லும் அன்று ஆண்பெண் உறவுக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. ஞானசம்பந்தர் தம் நமச்சிவாயத் திருப்பதிகத்தில் இறைவன்பால் எழும் உருக்கத்தைக் காதல் என்னும் சொல்லாலேயே குறித்தார்.

வள்ளுவரே மெய்யுணர்தல் அதிகாரத்தில் காமத்தை வெகுளி, மயக்கம் என்பவற்றோடு சேர்த்து அழிக்கத்தக்க குற்றமாகக் கூறினாரே என்று வினவலாம். வினா நேரியதே. ஆயின் அவ்வதிகாரம் துறவிக்கு உரியது. அங்கே காமம் என்பது பற்றினைக் குறிக்கும். மூன்றாம் பாலில் அதே சொல், மலரினும் மெல்லியதாய், அதன் செவ்வியறிந்து பயன் பெறுவார் சிலரேயாகிய ஒன்றைக் குறிக்கின்றது. இல்லறவியலிலோ பிறனில் விழையாமை என்னும் அதிகாரம் அதற்கு வேலி கட்டுகின்றது. சொல் ஒன்றே, நிற்கும் இடம் அதன் பொருளை வரையறுக்கின்றது. இதனை உணர்த்துவதே இலக்கியக் கல்வியின் தலையாய பணி.

முற்கூறிய உடல், உயிர் என்னும் இழை காமத்துப்பாலிலும் அறாது தொடர்வதைக் காணலாம். மக்கட்பேற்றில், குழந்தையின் மெய்யைத் தீண்டுதல் பெற்றோர் உடற்கு இன்பம் எனப்பட்டது. புணர்ச்சி மகிழ்தலில், தலைவியின் தோளைத் தீண்டுந்தோறும் தலைவன் உயிர் தளிர்க்கின்றது. அன்புடைமையில் உயிருக்கும் எலும்புடம்புக்கும் உள்ள தொடர்பு பேசப்பட்டது. காதற் சிறப்புரைத்தலில், தலைவிக்கும் தனக்கும் உள்ள உறவு உடம்புக்கும் உயிருக்கும் உள்ள உறவு போன்றது என்கிறான் தலைவன். அவ்வுறவைக் குறிக்க அவன் எடுத்தாளும் சொல் ‘நட்பு’ என்பது ஊன்றி உணரத்தக்கது. காதலர் இருவரும் நண்பராகவும் இருத்தல் வேண்டும் என்னும் பேருண்மை அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டும் படித்து நிறுத்தியவன் இந்த இழையின் ஒரு முனையையே கண்டவனாவான்.

குறிப்பறிதல் என்னும் வாயில்

களவியலின் முதல் மூன்று அதிகாரங்களின் வரிசையும் எண்ணத்தக்கது. முதலாவது தகையணங்குறுத்தல், அங்கே தலைவன் தலைவியின் அழகால் தாக்குண்டு நிற்கிறான். மூன்றாவது புணர்ச்சி மகிழ்தல். இவ்விரண்டுக்கும் இடையே வள்ளுவர் ஒரு வாயிலை நிறுவினார், அதுவே குறிப்பறிதல். தலைவியின் பார்வையிலும் நாணத்திலும் மென்னகையிலும் அவள் உள்ளம் இசைகின்றதா என்று தலைவன் அறிய வேண்டும். கண்ணோடு கண் நோக்கு ஒத்த பின்னரே வாய்ச்சொல் வேண்டாததாகின்றது. ஒத்தல் என்பதே அங்கு உயிர்நிலை. குறிப்பறிதல் என்னும் இதே பெயரில் பொருட்பாலிலும் 71ஆம் அதிகாரம் ஒன்றுண்டு. அரசன் உள்ளத்தை அறிய வேண்டிய அமைச்சனுக்கு எத்துணை நுண்மை வேண்டுமோ, அத்துணை நுண்மை காதலி உள்ளத்தை அறிய வேண்டிய காதலனுக்கும் வேண்டும் என்று இப்பெயரொற்றுமை உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

தொல்காப்பியரும் இக்கருத்தினரே. அகத்திணை ஏழனுள் இருபாலும் ஒத்த அன்பின் ஐந்திணையை நடுவில் வைத்து, ஒருதலைக் காமமாகிய கைக்கிளையையும் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையையும் இரு புறத்தும் ஒதுக்கினார். மறுமொழி பெறாமலே ஒருவன் தானே பேசித் தானே இன்புறுதல் கைக்கிளையின் குறிப்பாகும். நாணுத் துறவுரைத்தலில் தலைவன் மடலேறத் துணிவதைக் காட்டி மறுப்பார் உளராயின், அவனும் தலைவியும் முன்னரே உள்ளம் ஒன்றியவர் என்பதை அவர்கள் மறக்கலாகாது.

இன்றைய மாணவன் காதலுக்குப் பாடம் கேட்பது பெரும்பாலும் திரைப்படத்திடம். விரும்பாத பெண்ணை வீதிதோறும் பின்தொடர்ந்து, அவள் வெறுப்பையும் விருப்பமாகத் திரித்துக் காட்டும் கதைகள் பலவற்றை அவன் கண்டிருக்கிறான். தமிழ் இலக்கணம் கைக்கிளை என்று ஒதுக்கியது அங்கே காதல் என்று முடிசூட்டப்படுகின்றது. மலேசியாவில் 2023ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் 507ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, ஒருவரை அஞ்சும்படி மீண்டும் மீண்டும் பின்தொடர்ந்து தொல்லை தருதல் குற்றமாக்கப்பட்டது. சட்டம் தண்டிக்கும், ஆயின், ஏன் அது காதல் அன்று என்பதை உணர்த்த இலக்கியம் வேண்டும். அவ்விலக்கியம் தமிழ் ஆசிரியர் கையிலேயே இருக்கின்றது.

விடப்பட்ட பால்

காமத்துப்பாலைக் கண்டு தயங்குதல் புதியதன்று. வீரமாமுனிவர் 1730ஆம் ஆண்டளவில் குறளை இலத்தீனில் பெயர்த்தபோது முதல் இரு பால்களோடு நிறுத்திக் கொண்டார். துறவியாகிய அவர் நிலை அத்தகையது. 1886இல் முழு நூலையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப்பும், தவறான முன்னெண்ணத்தால் மூன்றாம் பாலைச் சில ஆண்டுகள் படியாதிருந்ததைத் தம் முன்னுரையில் ஒப்புக்கொண்டார். முன்னிரு பால்களையும் இயற்றிய பெருமகன் இழிவான ஒன்றை எழுதியிருத்தல் இயலாது என்று எண்ணிய பின்னரே அவர் அதனைக் கையிலெடுத்தார். அவ்வெண்ணம் தமிழாசிரியர்க்குத் தோன்றாதிருத்தல் முறையாகுமா?

தொடக்கப்பள்ளி மாணவன் மனனம் செய்யும் குறள்கள் முதல் இரு பால்களிலிருந்து வருவது இயல்பே. படிவம் நான்கிலும் ஐந்திலும் பயிலும் மாணவன் பதினாறு, பதினேழு வயதினன். மூன்றாம் பாலின் செய்தி அவன் நெஞ்சில் முன்னரே கதவைத் தட்டிக் கொண்டிருக்கின்றது. அவனிடம் 25 அதிகாரங்களையும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. குறிப்பறிதலும் காதற் சிறப்புரைத்தலும் ஆகிய இரண்டினுள்ளும் சில குறட்பாக்களை, அன்புடைமையோடும் நட்போடும் அருகருகே வைத்துக் காட்டினால் போதும். அன்பு தாயென்றும், அருள் அதன் சேயென்றும், நட்பு அதன் வழித்தோன்றலென்றும், காதல் நட்பின் பெயராலேயே அழைக்கப்பட்டதென்றும் அவன் அறிவான். அங்ஙனம் அறிந்த வகுப்பில், காதல் என்னும் சொல்லைக் கேட்டு எழும் சிரிப்பொலி நாளடைவில் அடங்கும். ஆசிரியரும் அடுத்த வரிக்கு விரையாமல், நின்று பொருள் கூறலாம்.